தங்கச் சுரங்க ஷேர்: இந்த விலைல உள்ள போலாமா?

பவானி_சேகர் | 22 அக்டோபர் 2025, காலை 8:10

எல்லாருக்கும் தீபாவளி வாழ்த்துங்க. நேரா விஷயத்துக்கு வர்றேன். பவுனு லட்ச ரூவாய எட்டிப் பாத்துட்டு நிக்குது, இனி நகையாவோ காசாவோ வாங்க மனசு வரல, கோல்டு பாண்டும் 2024 பிப்ரவரியோட கவர்மெண்ட் நிறுத்திருச்சு. அதனால கொஞ்ச நாளா சுரங்கக் கம்பெனி ஷேருங்கள பாத்துட்டு இருக்கேன், நியூமான்ட், பேரிக், அக்னிகோ ஈகிள் இந்த மாதிரி. இந்த வருஷம் தங்கம் ஏறுனத விட இதுங்க ரெண்டு மடங்கு ஏறிருக்குது. ஆனா நேத்து ராத்திரி பாத்தீங்களா, தங்கம் ஒரே நாள்ல 5 சதவீதத்துக்கு மேல விழுந்துச்சு, சுரங்க ஷேருங்க இருக்கற ஜிடிஎக்ஸ் இடிஎஃப் 9 சதவீதம் கிட்ட அடி வாங்கிருச்சு. இது வாங்கற நேரமா ஓடற நேரமாங்க? கையில மூணு லட்சம் இருக்குது, அஞ்சு வருஷம் தொட மாட்டேன். டிப்ஸ் வேண்டாம், இந்த ஷேருங்களுக்கு மதிப்பு எப்படி போடறதுன்னு தெரிஞ்சவங்க சொல்லுங்க.

மயிலை_மணி | காலை 8:31

முத்தூட், மணப்புரம் வாங்கிப் போட்டுட்டு நிம்மதியா தூங்குங்க சார். எல்லாம் தங்கம்தானே.

தேனீராணி | காலை 8:44

மணி சார், அது அடகுக்கடை. அவங்க லாபம் வட்டில வருது. தங்கம் ஏறுனா அதே வளையலுக்கு கூட கடன் குடுக்கலாம், அவ்வளவுதான் தொடர்பு. டைட்டன் கல்யாண் எல்லாம் நகைக்கடை, அங்க தங்கம் ஏறுனா சில சமயம் கூட்டமே குறையும். சேகர் கேக்கறது பூமிய தோண்டற கம்பெனிய பத்தி.

ஸ்கார்பரோ_சிவா | காலை 9:20

தம்பி சேகர், நான் டொரோண்டோவில இருக்கிறன், இஞ்ச பங்குச் சந்தையில தடக்கி விழுந்தா ஒரு சுரங்கக் கம்பனியிலதான் விழோணும், அதால இதுகளோட பழக்கம் கனகாலம். வாங்க முதல் ஒரு கணக்கைப் பாரும். 2011 செப்டம்பரில தங்கம் அவுன்ஸ் 1,920 டொலர், ஜிடிஎக்ஸ் 66 டொலர் கிட்ட. 2015 டிசம்பரில தங்கம் 1,050க்கு வந்திட்டுது, 45 வீத இறக்கம். ஜிடிஎக்ஸ் அடுத்த மாசம் 13க்கும் கீழ போட்டுது, அது 80 வீதம். சரி, இறங்கேக்க கூட இறங்கினா ஏறேக்கையும் கூட ஏறும் எண்டுதானே எல்லாரும் சொல்லுவினம். 2024 ஒக்டோபரில தங்கம் 2,700ஐத் தாண்டி புது உச்சம், ஜிடிஎக்ஸ் 45ஐக்கூடத் தாண்டேல்லை. பதின்மூண்டு வருசத்தில தங்கம் 40 வீதம் கூடியிருக்கு, அதைத் தோண்டுறவன்ர பங்கு மூண்டில ஒரு பங்கு குறைஞ்சிருக்கு.

அந்தக் காசு எங்க போச்சு எண்டா, விலை ஏறின நேரம் முதலாளிமாருக்குத் தலை கால் தெரியேல்லை. சிலிக்கும் ஆர்ஜென்டினாவுக்கும் எல்லையில அண்டிஸ் மலை உச்சியில பேரிக் பாஸ்குவா-லாமா எண்டு ஒரு சுரங்கம் கட்ட வெளிக்கிட்டது, 2009ல 3 பில்லியன் டொலர் எண்டு சொன்னவை, 2012 முடியேக்க எட்டரை பில்லியன் வரும் எண்டினம், 2013ல வேலையை நிப்பாட்டி 5 பில்லியனுக்கு மேல நட்டக் கணக்கில எழுதினவை. பனியாறும் தண்ணிப் பிரச்சினையும் அங்கத்தைச் சனமும் எல்லாம் சேர்ந்து அடிச்சது. கின்ரோஸ் 2010ல ரெட் பேக் எண்ட கம்பனியை 7.1 பில்லியனுக்கு வேண்டி மொரிட்டேனியாச் சுரங்கத்துக்காக ரெண்டு மூண்டு வருசத்துக்குள்ள பெரும்பகுதியை எழுதித் தள்ளினது. எல்லாம் பங்குதாரரின்ர காசு.

பவானி_சேகர் | காலை 9:41

அண்ணா இது பாத்தா பயமா இருக்குதுங்க. ஆனா இப்ப ஏன் இந்த ஏத்தம்?

ஆடிட்டர்_விஜி | காலை 10:15

பயப்படறதுக்கு முன்னாடி இந்தப் பக்கக் கணக்கையும் பாருங்க, சிவா அண்ணா சொன்னது பழைய கதை, தப்புன்னு சொல்லல, ஆனா நடுவுல நெறைய மாறிருக்கு. நியூமான்ட்டையே எடுத்துக்கோங்க. 2024 மூணாவது குவார்ட்டர்ல ஒரு அவுன்ஸ் 2,518 டாலருக்கு வித்தாங்க, அத எடுக்க ஆன மொத்தச் செலவு 1,611. கையில 907 டாலர். அந்த ரிசல்ட் வந்த அன்னிக்கு ஷேர் 15 சதவீதம் கிட்ட விழுந்துச்சு, ஏன்னா தங்கம் உச்சத்துல இருக்கறப்பவும் செலவு கட்டுக்குள்ள வரலன்னு மார்க்கெட்டுக்கு கோவம். அப்புறம் 2025 ரெண்டாவது குவார்ட்டர், விலை 3,320, செலவு 1,593. கையில 1,727. விலை ஏறுனது 32 சதவீதம், மார்ஜின் ஏறுனது 90 சதவீதம். அந்த ஒரு குவார்ட்டர்ல மட்டும் 1.7 பில்லியன் டாலர் ஃப்ரீ கேஷ், அதாவது எல்லாச் செலவும் போக மிச்சக் காசு, வந்துச்சு, அந்தக் கம்பெனிக்கு அது சாதனை. ஷேர் ஏறுனதுக்கு காரணம் இதுதான், சும்மா ஊதிப் பெருசாக்குன ஏத்தம் இல்ல.

மதிப்பு போடற முறை கேட்டீங்க இல்லையா, எளிமையா ஒண்ணு. வருஷத்துக்கு பத்து லட்சம் அவுன்ஸ் எடுக்கற ஒரு கம்பெனின்னு வைங்க, செலவு 1,600. தங்கம் 4,000ல இருந்தா அவுன்சுக்கு 2,400, மொத்தம் 240 கோடி டாலர், வரிக்கும் வட்டிக்கும் முன்னாடி. தங்கம் 25 சதவீதம் விழுந்து 3,000க்கு வந்தா மார்ஜின் 1,400, அது 42 சதவீத அடி. 2,000க்கு வந்தா 400தான். ஆக இந்த ஷேர் வாங்கும்போது நீங்க எந்தத் தங்க விலைய மனசுல வெச்சு வாங்கறீங்கன்னு பேப்பர்ல எழுதிக்கோங்க. 4,000ல மட்டும் மலிவா தெரியற ஷேர் எனக்கு மலிவு இல்ல. நான் 3,000 போட்டுப் பாப்பேன், அதுலயும் தேறுனா எடுப்பேன்.

வாத்தியார்_நெல்லை | காலை 10:40

விஜியக்கா, அந்த 1,593ன்னு சொல்லுதீங்களே அந்தச் செலவுல எதெது சேரும்? கம்பெனிக்குக் கம்பெனி ஒவ்வொரு கணக்கால்லா சொல்லுதானுவ.

ஆடிட்டர்_விஜி | காலை 10:52

ஆல்-இன் சஸ்டெய்னிங் காஸ்ட், சுருக்கமா ஏஐஎஸ்சின்னு பேரு சார், 2013ல சுரங்கக் கம்பெனிங்களோட சங்கமான வேர்ல்ட் கோல்டு கவுன்சில் ஒரு வரைமுறை குடுத்துச்சு. அதுக்கு முன்னாடி கேஷ் காஸ்ட்னு ஒரு நம்பர் மட்டும் காட்டி எல்லாரும் லாபம்னு சொல்லிட்டு இருந்தாங்க, அதுல ஆபீஸ் செலவும் வராது, சுரங்கத்த அப்படியே ஓட்டிக்கிட்டு இருக்க வருஷா வருஷம் போடற முதலீடும் வராது. இப்ப அதெல்லாம் சேருது. ஆனா புதுச் சுரங்கம் கட்டற செலவு, வருமான வரி, கடன் வட்டி, டிவிடெண்ட் இதெல்லாம் இன்னும் வெளியதான் நிக்கும், அத நீங்கதான் கழிக்கணும். செம்பும் கூடவே கிடைக்கற சுரங்கமா இருந்தா செம்பு வித்த காச செலவுல கழிச்சு தங்கத்தோட செலவ கம்மியா காட்டறதும் உண்டு.

கல்கூர்லி_மாப்ள | மதியம் 12:05

வணக்கம், ஆஸ்திரேலியால சுரங்க வேலைல இருக்கேன், ரெண்டு வாரம் சைட்டு ஒரு வாரம் பெர்த் வீடு. கம்பெனி பேரு கேக்காதீங்க. ஊர்ல உக்காந்து ஏஐஎஸ்சின்னு ஒரு நம்பரா பாக்கறவங்களுக்கு அது எப்படி வருதுன்னு கொஞ்சம் சொல்றேன்.

கல்கூர்லி சூப்பர் பிட் தெரியும்ல, மூணரை கிலோமீட்டர் நீளம், ஒன்றரை கிலோமீட்டர் அகலம், 600 மீட்டருக்கு மேல ஆழம், ஊருக்கு ஒட்டி. அந்தக் குழில ஓடற லாரி ஒண்ணுல 225 டன் ஏத்தலாம். கிரேடு, அதாவது கல்லுல இருக்கற தங்கம், டன்னுக்கு ஒன்றரை கிராம்னு வெச்சா அந்த லாரி முழுக்க இருக்கற தங்கம் 337 கிராம், நம்ம கணக்குல 42 பவுன். அதையும் அரைச்சு சயனைடுல கரைச்சு எடுக்கறப்ப பத்து பதினைஞ்சு சதவீதம் போயிரும், 36 பவுன் தேறுனா சந்தோஷம். அதுவும் தாது லோடு. அந்த ஒரு லோடு கிடைக்க நாலஞ்சு லோடு வெறுங்கல்ல தூக்கி வெளிய கொட்டணும், அதுக்கும் டீசல், அதுக்கும் டயரு, அதுக்கும் டிரைவர் சம்பளம். டயரு ஒண்ணு ஆள விட ரெண்டு மடங்கு உயரம். இதுல ஒரு பக்கச் சுவரு சரிஞ்சா? 2018 மே மாசம் அதே குழில கிழக்குச் சுவர்ல பாறை சரிஞ்சு நல்ல கிரேடு இருந்த பக்கம் வருஷக்கணக்கா போக முடியாம ஆச்சு. அந்த நேரத்துல தங்க விலை என்னவா இருந்தா என்ன, தாது கைக்கு வரல.

இன்னொண்ணு, இத பலபேர் கவனிக்கறதில்ல. தங்கம் விலை ஏற ஏற, முன்னாடி குப்பைன்னு ஒதுக்குன கல்லு இப்ப தாது ஆயிரும். கம்மி கிரேடையும் மில்லுக்கு அனுப்புவாங்க, அனுப்பறது சரியும்கூட, சுரங்கத்தோட ஆயுசு கூடும். ஆனா அவுன்சுக்கு ஆகற செலவு தானா ஏறும். கவர்மெண்டுக்கு கட்டற ராயல்டி விலைல சதவீதம், அதுவும் ஏறும். ஆளு பத்தாது, பக்கத்து சைட்டுக்காரன் கூட சம்பளம் குடுத்து இழுப்பான். அதனால விஜி மேடம் போட்ட கணக்குல 1,600ங்கறத அசையாத நம்பரா வெச்சிருக்கீங்க, அது அசையும்.

ஆடிட்டர்_விஜி | மதியம் 12:20

ஒத்துக்கறேன், வருஷத்துக்கு ஒரு 5 சதவீதம் ஏத்திப் போடறதுதான் பாதுகாப்பு. ஆனா ரிசர்வ் கணக்குல, அதாவது மண்ணுல எவ்ளோ தங்கத்த லாபமா எடுக்கலாம்னு போடற கணக்குல, கம்பெனிங்க வெக்கற தங்க விலை இன்னும் ரொம்ப கீழ இருக்கே? 2024 ரிசர்வுக்கு பேரிக் 1,400 டாலர் விலை வெச்சாங்க, நியூமான்ட் 1,700. மார்க்கெட் விலைக்கும் அதுக்கும் உள்ள தூரம் ஒரு குஷன் இல்லையா?

கல்கூர்லி_மாப்ள | மதியம் 12:34

குஷன்தான். 2011ல எல்லாரும் விலைய தூக்கி வெச்சு ரிசர்வ பெருசாக்குனாங்க, அப்புறம் அத்தனையும் எழுதித் தள்ளுனாங்க, அந்த சூடு இன்னும் ஆறல. ஒரே ஒரு வேண்டுகோள், பிரசென்டேஷன்ல ரிசர்வ், ரிசோர்ஸ் ரெண்டையும் கூட்டி ஒரே நம்பரா பேசுனா நம்பாதீங்க. ரிசர்வுன்னா இந்த விலைல, இந்தச் செலவுல எடுத்து லாபம் பாக்கலாம்னு இன்ஜினியர் கையெழுத்து போட்டது. ரிசோர்ஸ்னா மண்ணுல இருக்குன்னு மதிப்பு போட்டது, லாபமா எடுக்க முடியுமான்னு இன்னும் முடிவாகல. அதுலயும் இன்ஃபர்டுன்னு ஒண்ணு வரும், அது ரொம்ப தள்ளித் தள்ளி போட்ட துளைய வெச்சு நடுவுலயும் இருக்கும்னு ஊகம் பண்றது.

குண்டூசி | மதியம் 1:02

இவ்ளோ பேசறதுக்கு நாலு பவுன் வாங்கி பீரோல வெக்கலாம்

மதுரை_மச்சி | மதியம் 1:30

குண்டூசி அண்ணே சொல்றதுல ஞாயம் இருக்கு. பீரோல வெச்ச பவுன எந்த நாட்டு ராணுவமும் ஹெலிகாப்டர்ல வந்து தூக்கிட்டு போகாது. சிரிக்காதீங்க, ஆப்பிரிக்கால மாலி நாட்டுல நடந்தது அதான். லூலோ-குன்கோடோன்னு பேரிக்கோட பெரிய சுரங்கம், 80 பங்கு கம்பெனிக்கு, 20 அரசுக்கு. 2023ல அங்க ராணுவ அரசு புது சுரங்கச் சட்டம் போட்டுச்சு, அரசு பங்க ஏத்துனாங்க, வரிய ஏத்துனாங்க, பழைய ஒப்பந்தத்துக்கும் அது செல்லும்னாங்க, பேரிக் முடியாதுன்னுச்சு. 2024 நவம்பர்ல கம்பெனி ஆளுங்க நாலு பேர பிடிச்சு உள்ள வெச்சாங்க. 2025 ஜனவரில சைட்டுல இருந்த 3 டன் தங்கத்த ஹெலிகாப்டர்ல ஏத்திட்டு போய்ட்டாங்க, கம்பெனி வேலைய நிறுத்திருச்சு. ஜூன்ல கோர்ட்டு வேற ஒரு நிர்வாகிய போட்டுச்சு. உலகத்துலயே தங்கம் தாறுமாறா ஏறுன வருஷம், அந்தச் சுரங்கம் அவங்க கணக்குல சேரல. போன மாசம் 29ஆம் தேதி பேரிக் சிஇஓ மார்க் பிரிஸ்டோ திடீர்னு விலகிட்டாரு. அதே நாள் நியூமான்ட் சிஇஓவும் வருஷக் கடைசில ரிட்டயர்டுன்னு அறிவிப்பு. இதெல்லாம் எக்செல்ல எந்தக் கட்டத்துல போடுவீங்க விஜியக்கா?

ஆடிட்டர்_விஜி | மதியம் 1:48

தள்ளுபடி வீதத்துல போடுவேன் தம்பி, அதாவது வரப்போற லாபத்த இன்னிக்கு மதிப்புக்குக் குறைக்கற சதவீதம். கனடா, ஆஸ்திரேலியா, அமெரிக்கான்னா 5 சதவீதம், மாலி, புர்கினா ஃபாசோன்னா 12, 15. அதனாலதான் அக்னிகோ ஈகிள் எப்பவும் பேரிக்க விட காஸ்ட்லியா விக்குது, பெரும்பகுதி சுரங்கம் கனடால.

மதுரை_மச்சி | மதியம் 1:55

15 சதவீதம் போட்டாலும் 3 டன் திரும்ப வராதுக்கா. சும்மா சொன்னேன், கோச்சுக்காதீங்க.

பவானி_சேகர் | மதியம் 2:20

நம்ம நாட்டுலயே சுரங்க ஷேர் எதுவும் இல்லீங்களா? டெக்கான் கோல்டுன்னு ஒண்ணு ஓடுதே.

தேனீராணி | மதியம் 3:05

இருக்கறது கிட்டத்தட்ட அது ஒண்ணுதான். ராய்ச்சூர் பக்கம் ஹட்டி சுரங்கம் நல்லா ஓடுது, ஆனா அது கர்நாடக அரசோடது, ஷேர் மார்க்கெட்ல கிடையாது. டெக்கான் கோல்டு மைன்ஸ் பிஎஸ்இல இருக்கு. அவங்களுக்கு ஆந்திரா கர்னூல் மாவட்டம் ஜொன்னகிரி சுரங்கத்துல, ஜியோமைசூர்ங்கற கம்பெனி வழியா 40 சதவீதம் மாதிரி பங்கு. நம்ம சேலத்து திரிவேணி எர்த்மூவர்ஸ்காரங்களும் அந்த ஜியோமைசூர்ல பங்குதாரர். முழு வீச்சுல ஓடுனா வருஷம் 750 கிலோன்னு சொல்றாங்க, இன்னும் அந்த அளவுக்கு வரல. நாடு வருஷத்துக்கு 700, 800 டன் இறக்குமதி பண்ணுது, அதுல ஆயிரத்துல ஒரு பங்கு. கிலோ ஒண்ணேகால் கோடின்னு வெச்சா 750 கிலோவுக்கு 900 கோடி சொச்சம் விற்பனை, அதுல 40 சதவீதம் இவங்க பங்கு, செலவ கழிச்சுட்டு இன்னிக்கு ஷேர் மொத்த மதிப்போட ஒப்பிட்டு நீங்களே பாருங்க.

ஆனா காலக் கணக்கு முக்கியம். ஹாவேரி பக்கம் கணஜூர்னு இவங்களே கண்டுபிடிச்ச ஒரு இடம், வருஷக்கணக்கா லீசுக்கு நின்னாங்க, 2015ல சுரங்கச் சட்டத்த மாத்தி எல்லாம் ஏலம்னாங்க, பழைய விண்ணப்பத்துக்கு குடுத்த விலக்கையும் 2021 திருத்தத்துல முடிச்சு வெச்சாங்க. தங்கத்த கண்டுபிடிச்சவனுக்கே தோண்டற உரிமை வராம போற நாட்டுல யாரு தேடுதலுக்கு காசு போடுவா. என்னக் கேட்டா நம்ம ஊர்ல சுரங்க ஷேர் இல்லாததுக்கு மண்ணுல தங்கம் இல்லாதது காரணம் இல்ல.

ஊர்காம்_பையன் | மாலை 5:40

கேஜிஎஃப்காரன், கோலார் தங்கவயல்காரன் வந்துட்டேன். தாத்தா சாம்பியன் ரீஃப்ல கீழ வேலை செஞ்சவரு, 3 கிலோமீட்டருக்கு மேல ஆழம், கீழ பாறை கைய வெச்சா சுடும், திடீர்னு பாறை வெடிக்கும். வேலூர், திருப்பத்தூர், சேலம் பக்கத்துல இருந்து வந்த ஜனங்கதான் பாதி ஊரு, இன்னிக்கும் ஆண்டர்சன்பேட்டைல நின்னா தமிழ்தான் காதுல விழும். 120 வருஷத்துல 800 டன் தங்கம் எடுத்தாங்க. ஆரம்பத்துல டன்னுக்கு 40 கிராமுக்கு மேல கிடைச்ச தாது, கடைசில 3, 4 கிராமுக்கு வந்துருச்சு. 2001 பிப்ரவரி 28 மூடுனப்போ தங்கம் அவுன்ஸ் 260 டாலர் பக்கம். நேத்து விழுந்தும் 4,100ல நிக்குது. அந்த ஆழத்துல தண்ணி நெம்பிப் போச்சு, இப்ப இறைக்கறதுன்னா ஆகற காரியமில்ல.

இப்ப பேச்செல்லாம் சைனேட் மேடு பத்திதான். தாது அரைச்சு கொட்டுன மண்ணு 33 மில்லியன் டன் கிட்ட மலை மலையா கெடக்குது, காத்தடிக்கிற மாசத்துல கொடில காய்ற துணி, தட்டுல வெச்ச சோறு எல்லாத்துலயும் அந்தத் தூசு. அதுல மிச்சம் இருக்கிற தங்கத்த எடுக்கலாம்னு 2024 ஜூன்ல கர்நாடக கேபினட் ஒப்புதல் குடுத்துது. டன்னுக்கு ஒரு கிராம் தேறுனா அதிகம், ஆனா ஏற்கனவே அரைச்ச மண்ணு, மேலயே கெடக்குது, தோண்டற செலவு இல்ல. தென்னாப்பிரிக்கால ஜோகன்னஸ்பர்க் சுத்தி டிஆர்டி கோல்டுன்னு ஒரு கம்பெனி இந்தத் தொழிலத்தான் பண்ணுது, ஷேரும் இருக்கு. நம்ம ஊர்ல ஏலம் யாருக்குப் போவுதுன்னு பாக்கணும். வேலை எங்க பசங்களுக்கு வருமான்னுதான் எங்களுக்கு கவலை.

கூடலூர்_டீ | மாலை 6:25

கேஜிஎஃப் பத்தி பேசுனா எங்க ஊரையும் சொல்லியாகணும். தேவாலா, பந்தலூர் பக்கம் காட்டுக்குள்ள இன்னிக்கும் பழைய சுரங்கக் குழி இருக்கு. 1879ல இருந்து 82 வரைக்கும் லண்டன்ல எங்க பக்கத்தையும் சேத்து வயநாட்டுத் தங்கம்னு ஒரு பெரிய கிறுக்கே பிடிச்சிருந்துச்சு, முப்பதுக்கும் மேல கம்பெனி ஷேர் வித்தாங்க, பல மில்லியன் பவுண்டு. ஆஸ்திரேலியால இருந்து ப்ரூ ஸ்மித்னு ஒரு நிபுணர கூட்டிட்டு வந்து 1880ல ரிப்போர்ட் போட்டாங்க, அத வெச்சு விலை பறந்துச்சு. இதுல உண்மையா லாபம் பாத்தது யாருன்னா காபித் தோட்டக்காரங்க. இலை நோய் வந்து காபி செத்துக்கிட்டு இருந்த நேரம், ஒண்ணுக்கும் ஆகாத எஸ்டேட்ட தங்க நிலம்னு அந்தக் கம்பெனிங்க தலைல கட்டிட்டு கிளம்பிட்டாங்க. தங்கம் இருந்துச்சு, இல்லன்னு இல்ல, ஆனா எடுக்கற செலவுக்கு கட்டல. மூணு நாலு வருஷத்துல எல்லாம் காலி.

அதே அலைல லண்டன்ல ஆரம்பிச்ச இன்னொரு கம்பெனிதான் மைசூர் கோல்டு மைனிங், கோலார்ல. அதுவும் முதல் ரெண்டு மூணு வருஷம் ஒண்ணும் கிடைக்காம காசு தீரப் போற நிலைக்கு வந்து, மிச்சம் இருந்தத போட்டு தோண்டுனப்ப சாம்பியன் லோடுங்கற தங்கப் படிவம் மாட்டுச்சு. அந்த ஷேர வெச்சிருந்தவன் பரம்பரைக்கு டிவிடெண்ட் சாப்பிட்டான். லண்டன்ல உக்காந்து ரெண்டு ஷேரையும் பாத்தவனுக்கு எது வயநாடு, எது கோலார்னு எப்படித் தெரிஞ்சிருக்கும்?

ஊர்காம்_பையன் | மாலை 6:40

டிவிடெண்ட் லண்டனுக்கு, கல்தூசுல வர்ற நுரையீரல் நோய் சிலிகோசிஸ் எங்க தாத்தாவுக்கு. சரி அது வேற இழை.

ராக்கெட்_ராஜா | மாலை 7:15

நண்பர்களே என்னோட டெலிகிராம் க்ரூப்ல வான்கூவர் ஜூனியர் மைனிங் ஷேர் ஒண்ணு குடுத்துருக்கோம், 18 சென்ட்ல இருக்கு, ட்ரில் ரிசல்ட், அதாவது துளை போட்டுப் பாத்த முடிவு, வந்தா 2 டாலர் கன்ஃபர்ம். விருப்பமுள்ளவங்க தனிமடல்.

ஸ்கார்பரோ_சிவா | மாலை 7:50

தம்பி ராஜா, உந்த விளையாட்டை இஞ்ச வேண்டாம். சேகர், உமக்காகச் சொல்லுறன், ஜூனியர் எண்டா கையில சுரங்கம் இல்லாமத் தேடிக்கொண்டிருக்கிற கம்பனி. வருமானம் சதமும் இல்லை. துளை போடக் காசு முடிஞ்சா புதுப் பங்கு அடிச்சு விப்பினம், பிறகு குறிச்ச விலையில பங்கு வேண்டுற உரிமையான வாறண்டும் சேத்துக் குடுப்பினம், வருசாவருசம் உம்மட பங்கு தண்ணியாகிக்கொண்டு போகும்.

பிரி-எக்ஸ் கதை தெரியாம ஒருத்தரும் ஜூனியர் வேண்டக் கூடாது. கால்கரிக் கம்பனி, இந்தோனேசியாவில கலிமந்தான் காட்டுக்குள்ள பூசாங் எண்ட இடத்தில உலகத்திலயே பெரிய தங்கப் படிவம் எண்டு சொல்லிச்சினம். சில்லறையில இருந்த கம்பனி 6 பில்லியன் கனேடிய டொலர் பெறுமதிக்குப் போச்சு. மாதிரிக் கல்லை இடிச்சுத் தூளாக்கி அதுக்குள்ள வெளியில இருந்து தங்கத் துகளைக் கலந்திருக்கினம். 1997 மார்ச்சில அந்த இடத்தின்ர புவியியலாளர் ஹெலிகொப்டரில இருந்து விழுந்து செத்தார், ஒரு கிழமைக்குப் பிறகு ஃப்ரீபோர்ட் கம்பனி தாங்கள் போட்ட துளையில ஒண்டுமில்லை எண்டிட்டுது, மே மாசம் முழு அறிக்கை வந்து எல்லாம் முடிஞ்சுது. சின்னச் சனம் மட்டும் ஏமாறேல்லை, ஒன்ராறியோ ஆசிரியர் ஓய்வூதிய நிதிக்கே 100 மில்லியன் போனது. இஞ்ச என்ஐ 43-101 எண்ட விதி வந்ததே அதுக்குப் பிறகுதான், அறிக்கையில தகுதி பெற்ற ஒருத்தர் பேர் போட்டுக் கையெழுத்து வைக்கோணும். அறிக்கை இல்லாம ட்ரில் ரிசல்ட் எண்டு ஒருத்தன் சொன்னா எழும்பி நடவும்.

ராக்கெட்_ராஜா | மாலை 8:02

பழைய கதை சொல்லி பயமுறுத்தாதீங்க அங்கிள். பெர்த்ல டி கிரேன்னு ஒரு சின்ன கம்பெனி, ஹெமின்னு ஒரு இடம் கண்டுபிடிச்சு, இந்த வருஷம் நார்தர்ன் ஸ்டார் 5 பில்லியன் ஆஸ்திரேலிய டாலருக்கு வாங்குச்சு. அப்பவே வாங்குனவன் எங்க போயிட்டான்?

கல்கூர்லி_மாப்ள | மாலை 8:20

ஹெமி உண்மைதான், நான் மறுக்கல. அது வெளிய வந்த காலத்துல அதே பக்கத்துல துளை போட்ட மத்த கம்பெனி பேரெல்லாம் இன்னிக்கு யாருக்கும் ஞாபகம் இல்ல, எனக்கே இல்ல, அதுல சிலதுல என் கூட வேலை செஞ்ச பசங்க சம்பளப் பாக்கியோட வெளிய வந்தானுங்க. ராஜா க்ரூப்புக்கு தனிமடல் அனுப்பாதீங்க சேகர்.

வாத்தியார்_நெல்லை | இரவு 9:10

சுரங்கம் ஓட்டாமலே பங்கு மட்டும் வாங்குத கம்பெனி இருக்காமே, ராயல்டின்னு, அது தேவலையா?

ஆடிட்டர்_விஜி | இரவு 9:35

ஃபிராங்கோ-நெவாடா, வீட்டன் இவங்க. சுரங்கம் கட்டறவனுக்கு முன்கூட்டி காசு குடுத்துட்டு, வர்ற தங்கத்துல ஒரு பங்க ரொம்ப கம்மி விலைல காலத்துக்கும் வாங்கிக்கற ஒப்பந்தம். டீசல் ஏறுனா, சம்பளம் ஏறுனா இவங்களுக்கு வலிக்காது. எனக்கு ரொம்பப் பிடிச்ச தொழில், அதனால எப்பவுமே விலை அதிகம். ஆனா சுரங்கமே மூடிட்டா? பனாமால கோப்ரே பனாமான்னு செம்புச் சுரங்கம், ஃபிராங்கோவுக்கு வருமானத்துல கிட்டத்தட்ட அஞ்சுல ஒரு பங்கு அங்க இருந்துதான். 2023ல ஜனங்க ரோட்ட மறிச்சு போராடுனாங்க, நவம்பர்ல அந்நாட்டு சுப்ரீம் கோர்ட் ஒப்பந்தம் அரசியல் சட்டத்துக்கு விரோதம்னு தீர்ப்பு, சுரங்கம் மூடுச்சு. ஃபிராங்கோ ஒரு பில்லியன் டாலருக்கு மேல எழுதித் தள்ளுச்சு. அதுக்கப்புறமும் கம்பெனி நிக்குது, கடன் இல்லாததால. அதான் வித்தியாசம்.

பவானி_சேகர் | 23 அக்டோபர், காலை 7:30

எல்லாத்தையும் ரெண்டு தடவ படிச்சேனுங்க. தனி ஷேர் எனக்கு ஆகாதுன்னு தோணுது, மாலியும் பனாமாவும் பாத்துட்டு உக்காந்திருக்க என்னால முடியாது. ஃபண்டு வழியா போறதுன்னா? டிவிடெண்டுக்காக நியூமான்ட் மட்டும் கொஞ்சம் வெக்கலாமுங்களா?

தேனீராணி | காலை 8:05

டிவிடெண்டுக்காக வேண்டாம். 2022ல குவார்ட்டருக்கு 55 சென்ட் குடுத்தாங்க, அப்புறம் 40, 2024ல இருந்து 25. தங்கம் ஏறிக்கிட்டே இருந்த காலத்துல நடந்த குறைப்பு இது, நியூகிரெஸ்ட்ங்கற இன்னொரு சுரங்கக் கம்பெனிய வாங்குன சுமை வேற. அதுலயும் அமெரிக்கால 25 சதவீதம் பிடிச்சுட்டுதான் நம்ம கைக்கு வரும்.

ஃபண்டுன்னா டிஎஸ்பி வேர்ல்ட் கோல்டு மைனிங் ஃபண்டு ஆஃப் ஃபண்டு, 2007ல இருந்து இருக்கு. அது பிளாக்ராக்கோட தங்கச் சுரங்க ஃபண்டுலயும் ஜிடிஎக்ஸ்லயும் போடுது. ரூபாய்லயே போடலாம், வெளிநாட்டுக்கு பணம் அனுப்பற வேலை இல்ல. ரெண்டு வருஷத்துக்கு மேல வெச்சா லாபத்துல 12.5 சதவீதம் வரி, அதுக்குள்ள வித்தா உங்க ஸ்லாப். ரெண்டு அடுக்கு கட்டணம் இருக்கு, அத மறந்துறாதீங்க. நேரா வெளிநாட்டு ஷேர்னா எல்ஆர்எஸ்ங்கற வெளிநாட்டுக்கு பணம் அனுப்பற திட்டம் வழி, வருஷம் 10 லட்சத்துக்குள்ள டிசிஎஸ்ங்கற முன்வரி பிடிக்க மாட்டாங்க, உங்க மூணு லட்சத்துக்கு பிரச்சினை இல்ல.

மதுரை_மச்சி | காலை 8:30

மூணு லட்சத்தையும் ஒரே நாள்ல போட்ராதீங்கண்ணே. 2011 செப்டம்பர்ல மொத்தமா போட்டவன் ஜிடிஎக்ஸ்ல அந்த விலைய திரும்பப் பாக்க இந்த வருஷம்தான் ஆச்சு.

ஆடிட்டர்_விஜி | காலை 8:48

அத வெச்சு பயந்து வெளிய நின்னவங்க 2016 ஜனவரில இருந்து இன்னிக்கு வரைக்கும் விட்டது அஞ்சு மடங்குக்கு மேல தம்பி. நீங்க உச்சத்துல இருந்து கணக்கு போடறீங்க, நான் அடில இருந்து.

ஸ்கார்பரோ_சிவா | காலை 9:30

அடி எது எண்டு 2016 ஜனவரியில ஒருத்தருக்கும் தெரியேல்லைத் தங்கச்சி. அதுதானே கரைச்சல்.

பவானி_சேகர் | இரவு 9:15

மாசம் 15,000 வீதம் ஃபண்டுல எஸ்ஐபி போட்டுட்டேனுங்க, மீதி எஃப்டில. எங்கூட்டுக்காரி அதுக்கு பதிலா மாசம் ஒரு கிராம் காசு வாங்கலாம்ங்கறா, அந்தப் பஞ்சாயத்து தனியா ஓடிட்டு இருக்குது.

குண்டூசி | இரவு 9:22

தங்கச்சி சொல்றதுதான் சரி

மதுரை_மச்சி | 25 நவம்பர் 2025, காலை 7:50

இழைய மறுபடி மேல ஏத்தறேன். நேத்து பேரிக்கும் மாலியும் சமாதானம் ஆயிட்டாங்க. கேஸு எல்லாம் வாபஸ், உள்ள இருந்த நாலு பேரையும் விடறாங்க, சுரங்கம் திரும்ப கம்பெனி கைக்கு வருது, பேரிக் சர்வதேச மத்தியஸ்த வழக்க வாபஸ் வாங்குது. நான் சொன்னது தப்பு ஆயிருச்சுன்னு விஜியக்கா சிரிப்பாங்க.

ஆடிட்டர்_விஜி | காலை 8:20

சிரிக்கல. கம்பெனி கடைசில புது சட்டத்துக்கு தலையாட்டிட்டுதான் உள்ள போகுது, ஆக தள்ளுபடி வீதத்த நான் குறைக்கப் போறதில்ல. ஆனா வருஷம் முழுக்க பூஜ்யமா வெச்சிருந்த சுரங்கத்துக்கு மறுபடி ஒரு மதிப்பு போடலாம்.

வாத்தியார்_நெல்லை | காலை 8:41

இடையில ஒரு சந்தேகம். என் மவன் அமெரிக்க ஷேர் ரெண்டு வாங்கிருக்கான், வருமான வரி ரிட்டர்ன்ல தனியா காட்டணுமாமே, ஃபண்டுல போட்டாலும் காட்டணுமா?

தேனீராணி | காலை 9:00

நேரா வாங்குன வெளிநாட்டு ஷேர்னா ரிட்டர்ன்ல வெளிநாட்டுச் சொத்துக்கு உள்ள ஷெட்யூல் எஃப்ஏல கட்டாயம் காட்டணும் சார், ஒரு ஷேர் இருந்தாலும், நிதியாண்டுக் கணக்கு இல்லாம காலண்டர் வருஷக் கணக்கு. நம்ம ஊர் ஃபண்டு வழியா போட்டா அந்த ஷெட்யூல் தேவையில்ல. உங்க பையன ஜனவரில இருந்து டிசம்பர் வரைக்கும் உள்ள ஸ்டேட்மெண்ட டவுன்லோடு பண்ணி வெச்சுக்கச் சொல்லுங்க.